மிதிக்காத மாடு

கிருஷ்ணப்பனுக்குப் பொய் சொல்ல வராது. இதை ஏதோ பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய் சொல்லக்கூடாது என்ற கொள்கையெல்லாம் அவருக்குக் கிடையாது. தாராளமாகச் சொல்வார். ஆனால் சொல்லும் பொய் அவ்வளவு மட்டமாக இருக்கும். ஒரு பொய்யை வீட்டில் ஒரு மாதிரியும் கம்பெனியில் வேறு மாதிரியும் சொல்லிவிட்டு, எதை எங்கே சொன்னோம் என்று மறந்துபோவார். அந்த மறதிதான் பிற்பாடு அவர் உயிரைக் காப்பாற்றியது என்று சொன்னால் நம்புவீர்களா? பொறுமையாகக் கேளுங்கள்.

சொந்த ஊர் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் தோட்டத்தில் தக்காளி பறித்த குடும்பம். இவர் சூளகிரிப் பக்கம், கார்களுக்குத் தகடு அழுத்தித் தரும் கம்பெனியில் ஹெல்பராக நுழைந்து, ஐம்பது வயதுக்குள் லைன் லீடர் ஆகிவிட்டார். வீட்டில் தெலுங்கு கலந்த தமிழ், லைனில் தமிழ், ஒப்பந்த ஆட்களிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக.

கம்பெனி வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்து இல்லாமல் எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் காட்டும். யாருக்காவது அடிபட்டதாகப் பதிவானால் மறுநாள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆயிரத்தைத் தொட்டால் லைனில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கிரைண்டர் என்று நிர்வாகம் அறிவித்திருந்தது. கிரைண்டர் என்றால் சாதாரணம் இல்லை, மேசை மேல் வைத்து மாவு ஆட்டும் புது மாடல். கிருஷ்ணப்பன் மனைவி நாராயணம்மா அந்த வாரமே சமையலறையில் அரிசி டின்னை நகர்த்தி இடம் ஒதுக்கிவிட்டாள். கிருஷ்ணப்பன் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவார். தன் லைனில் ஒருவனுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தக் கம்பெனியில் அந்தப் பலகையை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஷூ மாற்றும் இடத்தில் கருப்பசாமி குனிந்து பார்த்தான். கருப்பசாமி சாத்தூர்க்காரன். அழுத்தும் இயந்திரத்தில் அச்சு மாற்றும் வேலை. ஓசூர் வந்து பத்து வருஷமாகியும் அவன் பேச்சைக் கேட்டால் இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் மாதிரி இருக்கும்.

"அண்ணாச்சி, ஒங்க பெருவிரல் நகம் என்ன கறுத்துக் கெடக்கு?"

கிருஷ்ணப்பன் பார்த்தார். இடது காலில், நகத்தின் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்தது போல ஒரு கறுப்புப் பட்டை. எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

தகடு அழுத்தும் இடத்தில் நகம் கறுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏதோ விழுந்திருக்கிறது. வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அங்கே எவனுக்கும் தோன்றாது. கருப்பசாமியின் முகம் சுண்டிப்போனது.

"அன்னைக்கு அச்சு மாத்தும்போது என் கையிலருந்து ஸ்பேனர் நழுவுச்சுல்லா? அது தரையில விழலபோல அண்ணாச்சி. ஒங்க கால்ல விழுந்திருக்கு."

"அட, வலிச்ச ஞாபகமே இல்லியேப்பா."

"வேலை மும்முரத்துல ஒங்களுக்கு எது தெரியும்? தலையில இடி விழுந்தாலும் லைன் ஓடுதான்னுதான் பாப்பீக."

இது கிருஷ்ணப்பனுக்குப் பிடித்திருந்தது. பாராட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மனிதன் எதையும் வாங்கிக்கொள்வான். அவர் ஒரு விபத்தையே வாங்கிக்கொண்டார். அதில் ஒரு சிக்கலும் இருந்தது. கம்பெனி ஷூவின் முனையில் இரும்புத் தகடு உண்டு. ஷூ போட்டிருந்தால் ஸ்பேனர் விழுந்தாலும் நகத்துக்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால் அன்றைக்கு அவர் ஷூ போடவில்லை. உண்மையும் அதுதான். புது ஷூ கடித்ததால் சிறிது நேரம் செருப்போடு நின்றார். லைன் லீடர் செருப்போடு நின்று, காலில் அடிபட்டு, அதனால் பலகை பூஜ்யமானால் ஊரில் தலைகாட்ட முடியுமா? இருவரும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். குற்ற உணர்ச்சியில் கருப்பசாமி ஊருக்குப் போகும்போதெல்லாம் காராச்சேவு வாங்கி வந்து கொடுத்தான். கிருஷ்ணப்பன் மறுக்கவில்லை.

வீட்டில் நாராயணம்மா கண்ணில் நகம் பட்டபோது, "கம்பெனில கருப்பசாமி கையிலருந்து ஸ்பேனர் விழுந்திருச்சு" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப கம்பெனில சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போறதுதானே?"

"சொன்னா போர்டு போயிரும்."

நாராயணம்மா அரிசி டின் இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருபரப்பள்ளி நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் கிருஷ்ணப்பன் செருப்போடு நின்றிருந்தபோது, கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி தினேஷ்குமார் காரை நிறுத்தி இறங்கினான். சின்ன வயசு, நல்ல பிள்ளை, எதைக் கண்டாலும் அதில் ஒரு ஆபத்தைக் கண்டுபிடிக்கிறவன். டீ கிளாஸை எடுக்கும் முன்பே விரலைப் பார்த்துவிட்டான்.

"விரல்ல என்ன சார் ஆச்சு?"

"மாடு மிதிச்சிருச்சு சார். வீட்டு மாடு."

தினேஷ்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலும் பாதுகாப்பு வேண்டும் என்று அவன் எத்தனை கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசியிருப்பான்! அடுத்த பாதுகாப்பு வாரத்தில் கேன்டீன் சுவரில் ஒரு படம் தொங்கியது. கொம்பை ஆட்டிக்கொண்டு ஒரு மாடு, அதன் காலடியில் ஒரு மனிதக் கால், கீழே "வீட்டிலும் விழிப்போடு இருப்போம்". கிருஷ்ணப்பன் அதற்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டார். அவர் வீட்டு மாட்டை விற்றுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

மாதங்கள் ஓடின. பட்டை அகலமானது. நகம் நடுவில் பிளந்தது. கறுப்பு நகத்தைத் தாண்டி அடித்தோலுக்கும் இறங்கியது. வலி மட்டும் இல்லை. வலி இல்லாததால் அவர் கவலைப்படவும் இல்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினார், நாராயணம்மா மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்து வைத்தாள். பிறகு அவள் துவைக்கும் காலுறையில் ஈரமும் ரத்தமும் தெரிய ஆரம்பித்தன. கம்பெனியில் விழுந்த ஸ்பேனர் இத்தனை மாதமா ரத்தம் கசிய வைக்கும்? கிரைண்டர் ஆசையெல்லாம் அந்தக் காலுறையோடு சோப்பு நுரையில் போய்விட்டது.

"வர்ற சனிக்கிழம ஓசூருக்குப் போறோம். தோல் டாக்டருகிட்ட. ஸ்பேனரைப் போட்டானே, அந்த சாத்தூரானையும் கூட்டிக்கினு வா. டாக்டர் கேட்டா கண்ணால பாத்தவன் சொல்லட்டும்."

கிருஷ்ணப்பன் கருப்பசாமியைக் கூப்பிட்டார். கூப்பிடும்போதே சொல்லியும் கொடுத்தார். டாக்டர் கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டால் என்ன செய்வது, ஆகவே ஸ்பேனர் பேச்சே கூடாது, கேட்டால் மாடு என்று சொல். நாராயணம்மா கூட வருகிறாள் என்பதையும், அவளிடம் தான் சொன்னது ஸ்பேனர் என்பதையும் அவர் மறந்தே போனார்.

டாக்டர் சத்யப்ரியாவின் மருத்துவமனை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. முடி கொட்டுகிறவர்களும் முகப்பரு வந்தவர்களும் நிறைந்த இடம். நடுவில் கிருஷ்ணப்பன் காலுறையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் விரலைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

"ஸ்பேனர்" என்றாள் நாராயணம்மா.

"மாடு" என்றான் கருப்பசாமி.

"ஒண்ணும் ஆகலீங்க மேடம்" என்றார் கிருஷ்ணப்பன்.

நாராயணம்மா மெதுவாகத் திரும்பினாள். "எந்த மாடு?"

கருப்பசாமிக்கு வியர்த்தது. ஆனால் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாமல் விடுகிறவன் இல்லை. "நான் கண்ணால பாத்தேன் மதினி. செவலை மாடு."

"எங்க மாடு கறுப்பு! அதையும் வித்து ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. வித்த மாடு காவேரிப்பட்டினத்துலருந்து நடந்து வந்து இவர் கால மிதிச்சிட்டுத் திரும்பிப் போச்சா?"

அவ்வளவுதான், கருப்பசாமி உடைந்துவிட்டான். "நான்தான் மேடம்! நான்தான் ஸ்பேனரைக் கைநழுவ விட்டேன். அண்ணாச்சி காட்டிக் கொடுக்கல. என்னை எது வேணாலும் செய்யுங்க!"

டாக்டர் இதையெல்லாம் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கருப்பசாமியிடம் கேட்டார்.

"அவர் கால்ல விழுந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"சத்தம் கேட்டுச்சு மேடம்."

"என்ன சத்தம்?"

"டங்குன்னு."

"விரல் மேல விழுந்தா டங்குன்னா கேட்கும்?"

கருப்பசாமி யோசித்தான். இத்தனை மாதத்தில் அதை அவன் யோசித்ததே இல்லை.

"சரி, இவர் கத்தினாரா?"

"இல்ல மேடம். டீ வந்துருச்சான்னு கேட்டாக."

நாராயணம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. கிருஷ்ணப்பன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வலிச்சுதா? ஒரு தடவையாவது?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். ஒரு தடவகூட இல்ல."

விளக்கு வைத்த ஒரு சின்ன லென்ஸை எடுத்து நகத்தின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். அடித்தோலைப் பார்த்தார். தொடையிடுக்கில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தா, நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னால தள்ளிப் போகும். பின்னால புது நகம் சுத்தமா வரும். உங்களுக்கு வேர்லருந்தே கறுப்பா வருது. நகத்தை விட்டுத் தோலுக்கும் இறங்கியிருக்கு. இதுல எதுவும் விழல. எதுவும் மிதிக்கல."

கிருஷ்ணப்பன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது விபத்தே இல்லீங்களா மேடம்?"

மனிதனைப் பாருங்கள். அந்த ஒரு நிமிஷம் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். பலகை தப்பித்தது, செருப்பு தப்பித்தது, மாடும் தப்பித்தது.

"விபத்து இல்ல. புற்றுநோயா இருக்கலாம்னு சந்தேகப்படறேன். தோல்ல வர்ற புற்றுநோய்."

சிரிப்பு அவர் முகத்தில் போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. "நகத்துலீங்களா?" என்றார். "அது வெள்ளக்காரங்களுக்கு வெயில்ல வர்றதுன்னு டிவியில சொன்னாங்களே. என் காலு இருபது வருசமா ஷூவுக்குள்ளதான் இருக்குது. வெயிலே பட்டதில்ல மேடம்."

"நம்ம நிறத்துக்காரங்களுக்கு இந்த வகை வெயில் படாத இடத்துலதான் அதிகமா வருது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. யாரும் பார்க்காத இடம். பார்த்தாலும் அடிபட்டதுன்னு நினைச்சுக்குவாங்க. நகத்தைக் கொஞ்சம் திறந்து சதையில துளி எடுத்துப் பார்த்துட்டா உறுதியா தெரிஞ்சிடும்."

விரலை மரத்துப்போகச் செய்ய ஊசி போட்டார்கள். விரலில் போடும் ஊசி எப்படி வலிக்கும் என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். கிருஷ்ணப்பன் போட்ட சத்தத்தில் வெளியே முகப்பருவுக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். டாக்டர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். "ஸ்பேனர் விழுந்திருந்தா இப்படித்தான் கத்தியிருப்பீங்க" என்றார்.

முடிவு வந்தபோது சந்தேகம் உறுதியாகிவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் ஓசூரிலிருந்து குருபரப்பள்ளி வரைக்கும் நாராயணம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஊரே பார்க்கும்படி புருஷன் கையைப் பிடிக்கிற பெண் இல்லை அவள். கிருஷ்ணப்பன் பயந்தார். வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், நடுநடுங்கிப் போனார். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கண் முன்னால் வளர்ந்ததை மாடு என்றும் ஸ்பேனர் என்றும் கதை கட்டி மறைத்தோமே என்று அவருக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது. கம்பெனி வாசலை பஸ் தாண்டியபோது பலகை தெரிந்தது. அவர் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. பெருவிரலில் பாதியை எடுத்தார்கள். தொடையிடுக்கிலும் ஒரு நெறிக்கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். "நோவு கால்ல, தொடையில என்னாங்க வேல உங்களுக்கு?" என்று அவர் அங்கேயும் சண்டைக்குப் போனார். நோய் பரவுவதானால் முதலில் அங்கேதான் போய் உட்காரும் என்று கன்னடத்தில் சொல்லிப் புரியவைத்தார்கள். அது அங்கே போயிருக்கவில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் வார்டு வாசலில் நின்றிருந்த கருப்பசாமி, முன்பின் தெரியாத ஒரு வாட்ச்மேனைக் கட்டிப்பிடித்து அழுதான்.

கிருஷ்ணப்பன் லேசாக விந்தியபடி வேலைக்குத் திரும்பினார். ஷூவின் முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டார். நோய் விபத்தில்லை என்பதால் பலகை நிற்காமல் ஓடி ஆயிரத்தைத் தொட்டது. கேன்டீனில் விழா. மேடைக்குப் பின்னால் கிரைண்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நோயை வென்றவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்று தினேஷ்குமார் மைக்கைக் கொடுத்தான்.

கிருஷ்ணப்பன் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "இந்த மாடு என்னை மிதிக்கலீங்க. நான் பொய் சொன்னேன். எம்மேல எதுவும் விழவும் இல்ல. விழுந்துச்சுன்னு நெனச்சுக்கினு, போர்டு போயிருமேன்னு மறைச்சேன். கொஞ்ச நாள் போயிருந்தா மொத்தமா போயிருப்பேன். நகம் கறுத்தா அடிதான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. காட்டுங்க. நம்ம லைன்ல யாருக்கும் அடியே பட்டதில்ல, அதனால இங்க எவன் காலுல கறுப்பு இருந்தாலும் டாக்டருகிட்ட போயே ஆவணும். எல்லாரும் ஷூவக் கழட்டுங்க."

எவனும் அசையவில்லை. ஜெனரல் மேனேஜர் நல்ல யோசனை என்று தலையாட்டினார். பாவம், அவரும் தெரியாமல்தான் ஆட்டினார். கருப்பசாமி முதலில் கழற்றினான். பிறகு ஒவ்வொருவராக. முதலில் வந்தது நாற்றம். அதற்குப் பிறகுதான் கால்கள் தெரிந்தன. கறுத்த நகம், பிளந்த நகம், நகமே இல்லாத விரல், இன்சுலேஷன் டேப் சுற்றிய விரல். கிருஷ்ணப்பன் பதறிப்போய் மேடையிலிருந்து இறங்கினார்.

"இது என்னாடா? எப்ப வந்துச்சு?"

"அச்சு தூக்கும்போது சங்கிலி விழுந்துச்சுண்ணா" என்றான் ஒருவன்.

"எனக்கு டிராலி ஏறிருச்சுண்ணா, ஆயுத பூஜைக்கு முன்னாடி" என்றான் அடுத்தவன்.

"எனக்குத் தகடு."

புற்றுநோய்க்குப் பயந்தவர்கள் ஒருவர் விடாமல் உண்மையைச் சொன்னார்கள். இடம், நேரம், சாட்சி எல்லாம் சுத்தமாகச் சொன்னார்கள். ஜெனரல் மேனேஜர் எழுந்து நின்றார். தினேஷ்குமார் சுவரில் சாய்ந்துகொண்டான். கிரைண்டர் பெட்டிகள் வந்த லாரியிலேயே திரும்பிப் போயின. பலகையில் மறுநாள் பூஜ்யம் எரிந்தது.

லைனில் ஒரு வாரம் கிருஷ்ணப்பனோடு யாரும் பேசவில்லை. அவர் உட்கார்ந்த சாப்பாட்டு மேசைக்குக் கருப்பசாமி மட்டும் வந்தான். வீட்டிலும் நிலைமை சரியில்லை. விரல் போனதற்குக்கூட நாராயணம்மா இவ்வளவு பேசியதில்லை. பிறகு ஷூ மாற்றும் இடத்தில் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று காலை நீட்டினான். அடுத்த நாள் இன்னொருவன் உள்ளங்கையை நீட்டினான். கிருஷ்ணப்பன் டாக்டர் இல்லை. அவருக்குக் கேட்கத் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான்.

"வலிச்சுதா?"

"அய்யோ, உயிரே போயிருச்சுண்ணா."

"நல்லது, நல்லது" என்று அவர் முகம் நிறையச் சிரிப்பார். "நல்லா வலிச்சுதில்ல? போய் மருந்து போடு. எதுக்கும் மேடத்துக்கிட்ட ஒருதரம் காட்டிரு." அடிபட்டவன் வலித்தது என்று சொல்லக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட லைன் லீடர் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டார்.

ஒரு மாலை எல்லோரும் போன பிறகு தினேஷ்குமார் வந்தான். பூஜ்யத்துக்குப் பிறகு அவன் கிருஷ்ணப்பன் முகத்தைப் பார்த்ததே இல்லை. இயந்திரத்தின் பக்கத்தில் கையைக்கூடக் கொண்டுபோகாதவன். மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். பெஞ்சில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஷூவையும் காலுறையையும் கழற்றினான். உள்ளங்காலைத் திருப்பினான். குதிகாலுக்குச் சற்று முன்னால், ஓரம் கலைந்த ஒரு கறுப்புப் படை.

"ஷூ சாயம்னு நினைச்சேன் சார். ரொம்ப நாளா கழுவிப் பார்க்கறேன், போகல."

கிருஷ்ணப்பன் அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"எங்கியாவது குத்துச்சா சார்? மிதிச்சீங்களா? வலிச்சுதா?"

"இல்ல சார்" என்றான் தினேஷ்குமார். "வலிக்கவே இல்ல."

கிருஷ்ணப்பன் அந்தக் காலைத் தன் மடியிலிருந்து எடுக்காமலே போனை எடுத்து, டாக்டர் சத்யப்ரியாவின் மருத்துவமனைக்குப் போட்டார். காலையில் முதல் ஆளாக வருகிறோம், இரண்டு பேர் வருகிறோம் என்று சொன்னார்.